நின்ற இதயமும் பால்டிமோர் நகரமும்

திடீர் இதய இறப்பைத் தடுக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றை மருத்துவமனையிலிருந்து தொடங்குவதைவிட மின்கம்பத்திலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். இருபதாம் நூற்றாண்டின் முதற்காலில் அமெரிக்க நகரங்களெங்கும் மின்கம்பிகள் இழுக்கப்பட்டபோது, கம்பத்தில் ஏறி வேலை செய்த தொழிலாளர் பலர் மின்சாரம் தாக்கி மாண்டனர். உடலில் பெரிய தீக்காயம் எதுவும் இல்லாத நிலையிலும், வீடுகளுக்கு வழங்கப்படும் அளவிலான குறைந்த மின்னழுத்தத்திலும்கூட ஆட்கள் இறந்தது மின் நிறுவனங்களுக்குப் புதிராகவும் தலைவலியாகவும் இருந்தது. அந்நிறுவனங்கள் தந்த நிதியைக் கொண்டு 1920களின் பிற்பகுதியில் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இப்புதிரை ஆராயத் தொடங்கியவர்களுள் உடலியங்கியலாளர் டொனால்ட் ஹூக்கர், நரம்பியலாளர் ஆர்தெல்லோ லாங்வொர்த்தி, மின்பொறியாளர் வில்லியம் கவன்ஹோவன் ஆகிய மூவர் முதன்மையானவர்கள். மருத்துவம் படிக்காத கவன்ஹோவனே இவ்வாராய்ச்சியை மற்ற இருவரையும்விட நெடுங்காலம் விடாமல் பற்றியிருந்தவர்.

அவர்கள் எதிர்கொண்ட நிலைமையை முதலில் விளக்கிவிடுவது நல்லது. இதயத்தின் கீழறைகள் இரண்டும் கோடிக்கணக்கான தசையிழைகளால் ஆனவை. ஓர் ஒழுங்கான மின்தூண்டல் அவற்றின் வழியே பரவும்போது இழைகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சுருங்குவதால்தான் இரத்தம் வெளியே தள்ளப்படுகிறது. இந்த ஒழுங்கு குலைந்து, ஒவ்வோர் இழைக்கூட்டமும் தன்போக்கில் சுருங்கி விரியத் தொடங்கினால் இதயம் அசைந்துகொண்டிருந்தாலும் ஒரு துளி இரத்தமும் வெளியேறாது. மருத்துவர்கள் வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் என்றழைக்கும் இக்கீழறை நடுக்கம் தொடங்கிய சில நொடிகளில் மனிதர் நினைவிழந்து சரிகிறார்; நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்குகிறது. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டுத் தசையின் ஒரு பகுதி சாகும் நிகழ்வு. இதயச் செயலிழப்பு என்பது தசை வலுவிழந்தோ விறைத்தோ உடலுக்குத் தேவையான இரத்தத்தை அனுப்ப இயலாமல் போகும் நாட்பட்ட நிலை. திடீர் இதய இறப்பு என்பதோ பெரும்பாலும் இந்நடுக்கத்தாலோ அதற்கு முன்னோடியான அதிவேகத் துடிப்பாலோ நேர்வது. மூன்றும் வேறு வேறு என்றாலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி உண்டு. அந்த வழியைக் கண்டறியவே மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஹாப்கின்ஸ் குழு 1933இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: மாறுதிசை மின்னோட்டம் நாயின் இதயத்தில் நடுக்கத்தை உண்டாக்குகிறது, அதைவிட வலுவான மற்றொரு மின்னதிர்ச்சி அந்நடுக்கத்தை நிறுத்தி, பழைய ஒழுங்கு திரும்ப இடமளிக்கிறது. கொன்ற மின்சாரமே காக்கவும் வல்லது என்னும் இக்கண்டுபிடிப்பு புதிதன்று. ஜெனீவாவில் ழான் லூயி பிரெவோஸ்ட், ஃபிரெடரிக் பத்தெல்லி என்னும் இருவர் 1899இலேயே இதைக் கண்டு எழுதியிருந்தனர். அதற்கும் முன்னர், 1889இல், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரப் பேராசிரியர் ஜான் மெக்வில்லியம், மனிதரின் திடீர் மரணத்துக்குக் காரணம் இதயம் அசைவற்று நிற்பது அன்று, அது நடுங்குவதே என்று வாதிட்டிருந்தார். அவர் கூற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. முப்பதாண்டுகளுக்கும் மேல் கழித்து அவரே மீண்டும் எழுதி நினைவூட்ட வேண்டியிருந்தது. இத்துறையின் வரலாற்றைப் படிப்பவருக்கு வியப்பளிப்பது கண்டுபிடிப்புகளின் வேகமன்று, கண்டுபிடித்தவை மறக்கப்பட்ட வேகம்தான். பயன்படுத்துவதற்குக் கருவியும், கருவியை எடுத்துச் செல்ல ஆளும், ஆளை ஏற்க மருத்துவமனையும் இல்லாத காலத்தில் அறிவு மட்டும் முன்னே வந்துவிட்டால் அது நூலகத்தில் உறங்க வேண்டியதுதான்.

மனித இதயத்தில் இம்முறை முதன்முதலில் வென்றது பால்டிமோரில் அன்று, கிளீவ்லாந்தில். அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1947இல் அறுவையின்போது இதயம் நடுங்கிய 14 வயதுச் சிறுவனின் திறந்த மார்புக்குள் மின்முனைகளை இதயத்தின் மீதே வைத்து அதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார். எனினும் நெஞ்சைத் திறந்தால்தான் உயிர் மீளும் என்ற நிலை அறுவைக்கூடத்துக்கு வெளியே யாருக்கும் உதவாது. பாஸ்டனில் பால் ஜோல் மூடிய மார்பின் மேலேயே அதிர்ச்சி கொடுத்துக் கண்ட வெற்றியை 1956இல் வெளியிட்டார். கவன்ஹோவனின் குழு உருவாக்கிய மூடிய மார்புக் கருவி 1957இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. சக்கரங்களின் மேல் வைத்துத் தள்ளிச் செல்ல வேண்டிய அதன் எடை ஏறத்தாழ 90 கிலோ. பெருமருத்துவமனை ஒன்றின் ஒரு மாடியிலிருந்து மறுமாடிக்கு அதைக் கொண்டுசேர்ப்பதற்குள் நோயாளியின் மூளைக்கு உரிய நிமிடங்கள் தீர்ந்துவிடும் என்பது அதை உருவாக்கியவர்களுக்கே தெரிந்திருந்தது.

அந்த இடைவெளியை நிரப்பியது தற்செயலான ஒரு கவனிப்பு. கவன்ஹோவனின் ஆய்வகத்தில் பணியாற்றிய இளம் மின்பொறியியல் மாணவர் கை நிக்கர்பாக்கர், 1958இல் நாயின் மார்பில் கனமான மின்முனைகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் செலுத்துவதற்கு முன்பே தொடைத் தமனியில் இரத்த அழுத்தம் சற்றே ஏறுவதைக் கண்டார். அழுத்தினால் இரத்தம் நகர்கிறது என்பதே அதன் பொருள். எங்கே அழுத்துவது, எவ்வளவு ஆழம், எத்தனை வேகம் என்று அவரும் கவன்ஹோவனும் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடும் நாய்களில் மீண்டும் மீண்டும் சோதித்தனர். 1960ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான அவர்களின் கட்டுரை, 20 நோயாளிகளுள் 14 பேர் பிழைத்ததைக் கூறியதோடு, இதற்கு வேண்டியவை இரண்டு கைகள் மட்டுமே என்றும் அறிவித்தது. இங்கும் முன்னோடி உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஃபிரீட்ரிக் மாஸ் என்னும் மருத்துவர் 1890களின் தொடக்கத்திலேயே குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயம் நின்ற இருவரை மார்பை அழுத்தி மீட்டு அதை எழுதியும் வைத்திருந்தார். எழுபதாண்டுகளாக யாரும் அதைப் பின்பற்றவில்லை.

அதே பால்டிமோரில், ஹாப்கின்ஸுக்கு வெளியே, நகராட்சி மருத்துவமனையின் மயக்கவியல் துறையை நடத்திய பீட்டர் சாஃபர் மற்றொரு பாதியைச் செய்துகொண்டிருந்தார். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர் அவர். நீரில் மூழ்கியவரைக் குப்புறவோ மல்லாக்கவோ கிடத்திக் கைகளைத் தூக்கியும் முதுகை அழுத்தியும் மூச்சு வரவழைக்கும் பழைய முறைகள் அன்று செஞ்சிலுவைச் சங்கப் பயிற்சிகளில் கற்பிக்கப்பட்டன. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைத் தாமாக முன்வந்தவர்களுக்குக் கொடுத்து, அவர்களின் நுரையீரலுக்குள் எவ்வளவு காற்று போகிறதென்று சாஃபர் அளந்தார். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைப்பதால் பழைய முறைகள் பெரும்பாலும் பயனற்றவை என்றும், தலையைப் பின்னோக்கிச் சாய்த்து வாயோடு வாய் வைத்து ஊதினால் காற்று தாராளமாகப் போகிறது என்றும் 1958இல் நிறுவினார். உயிரைப் பணயம் வைத்து இச்சோதனைக்கு உடன்பட்டவர்களை இன்றைய ஆய்வு நெறிக்குழு எதுவும் அனுமதித்திருக்காது. 1960 செப்டம்பரில் மேரிலாந்தின் ஓஷன் சிட்டியில் நடந்த மருத்துவச் சங்கக் கூட்டத்தில் அழுத்தமும் மூச்சும் ஒரே முறையாக இணைத்து முன்வைக்கப்பட்டன, சி.பி.ஆர். என்ற மூன்றெழுத்தால் உலகம் இன்று அறியும் முதலுதவி அவ்விணைப்பில் பிறந்தது. மருத்துவப் பட்டம் பெறாத கவன்ஹோவனுக்கு ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1969இல் கௌரவ மருத்துவர் பட்டம் வழங்கியது. அக்கல்லூரி அப்பட்டத்தை அதற்குமுன் எவருக்கும் வழங்கியதில்லை.

அடுத்த பத்தாண்டுகளின் கதை பெரும்பாலும் நேரத்தைக் குறைக்கும் கதை. 1961இல் டெஸ்மண்ட் ஜூலியன் எடின்பரோவிலிருந்து முன்வைத்த யோசனையை ஒட்டி, மாரடைப்பு நோயாளிகளை ஒரே கூடத்தில் வைத்து இடைவிடாமல் ஈ.சி.ஜி. கண்காணிக்கும் இதயத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகள் பரவின. பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிஜ் 1966இல் கார் மின்கலத்தில் இயங்கும் கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றி நோயாளியின் வீட்டுக்கே அனுப்பினார். 70 கிலோ எடையிருந்த அக்கருவி சில ஆண்டுகளில் மூன்று கிலோவாகக் குறைந்தது. பின்னாளில் பயிற்சியற்றவரும் இயக்கக்கூடிய தானியங்கிக் கருவிகள் விமான நிலையங்களுக்கும் சூதாட்டக் கூடங்களுக்கும் வந்தன. மூலைக்கு மூலை கண்காணிப்புக் கேமரா உள்ள அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களில் விழுந்தவர்களை ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வில், மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்களுள் 74 சதவீதத்தினரும் அதற்குப் பிறகு கிடைத்தவர்களுள் 49 சதவீதத்தினரும் உயிர்பிழைத்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினர். சூதாட்டக் கூடம் விழுவதற்குப் பாதுகாப்பான இடமாக விளங்கியது இவ்வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

ஆயினும் தனியாக உறங்கும்போதோ வயல்வெளியில் நடக்கும்போதோ விழுபவருக்கு ஆம்புலன்ஸும் உதவாது, பக்கத்து வீட்டார் கைகளும் உதவா. அவருக்கான தீர்வும் பால்டிமோரிலேயே உருவானது. மிஷெல் மிரோவ்ஸ்கி 1924இல் வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்த 1939இல் பதினைந்து வயதில் வீட்டைவிட்டுக் கிழக்கே சென்று சோவியத் நிலப்பரப்பில் போர்க்காலத்தைக் கழித்தார். குடும்பத்தில் எஞ்சியவர் அவர் ஒருவரே. பிரான்சின் லியோன் நகரில் மருத்துவம் படித்து இஸ்ரேலில் பணியாற்றிய அவருக்கு ஆசானாக விளங்கிய ஹாரி ஹெல்லர், கீழறை அதிவேகத் துடிப்பால் திரும்பத் திரும்பத் துன்புற்று 1967இல் குடும்பத்தாரோடு உணவருந்திக்கொண்டிருந்தபோதே இறந்தார். நோய் தெரிந்திருந்தது, தீர்வும் தெரிந்திருந்தது; தீர்வை நோயாளியின் பக்கத்தில் எந்நேரமும் வைத்திருப்பது மட்டுமே இயலவில்லை. அப்படியானால் கருவியை உடலுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று மிரோவ்ஸ்கி எண்ணினார். இஸ்ரேலில் அதற்கு வசதியில்லாததால் 1968இல் பால்டிமோரின் சைனாய் மருத்துவமனைக்கு வந்து இதயத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு மோர்ட்டன் மோவர் அவருடன் சேர்ந்தார்.

அன்றைய மருத்துவ உலகின் கணக்குப்படி இது கிறுக்குத்தனம். மேசை அளவு இருந்த கருவியைச் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்க வேண்டும். நடுக்கத்தை அது தானாகவே அடையாளம் காண வேண்டும். தவறாகக் கண்டு விழித்திருக்கும் மனிதருக்கு அதிர்ச்சி கொடுத்துவிடக் கூடாது. நடுக்கத்தை நிறுத்தும் நேர்மின்னோட்டக் கருவியான டிஃபிப்ரிலேட்டரை 1962இல் உலகுக்குத் தந்த பெர்னார்டு லோனே, இக்கருவி தேவையற்றது, நடைமுறைக்கு ஒவ்வாதது என்னும் பொருள்பட 1972இல் கடுமையாக எழுதினார். பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. அரசு ஆய்வு நிதியும் எளிதில் கிட்டாத நிலையில், மிரோவ்ஸ்கியும் மோவரும் மருத்துவமனை ஆய்வகத்தில் கிடைத்ததைக் கொண்டு நாய்களில் சோதனையைத் தொடர்ந்தனர். பிட்ஸ்பர்க் அருகிலுள்ள சிறு நிறுவனம் ஒன்றை நடத்திய ஸ்டீபன் ஹைல்மனின் ஆதரவும் பொறியாளர் அலோயிஸ் லாங்கரின் உழைப்பும் பின்னர் அவர்களுக்குக் கிடைத்தன. 1975இல் கருவி முழுமையாக நாயின் உடலுக்குள் வைக்கப்பட்டது. நடுக்கம் உண்டாக்கப்பட்டு விழும் நாய், சில நொடிகளில் தானே எழுந்து வாலாட்டும் காட்சியை அவர்கள் படமெடுத்துக் கூட்டங்களில் காட்டியபோது, நாயைப் பழக்கி நடிக்க வைத்திருக்கிறார்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆகவே அடுத்த படத்தில் நாயின் ஈ.சி.ஜி. கோடும் உடன் ஓடுமாறு செய்யப்பட்டது.

நடுக்கத்தை அக்கருவி கண்டறிந்த முறை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. இயல்பான துடிப்பின் மின்கோடு, ஓர் உயர்ந்த முனைக்கும் அடுத்த முனைக்கும் இடையே பெரும்பாலான நேரம் அடிக்கோட்டின் அருகிலேயே ஓய்ந்திருக்கும். நடுக்கத்திலோ அது மேலும் கீழும் அலைந்துகொண்டேயிருக்கும், அடிக்கோட்டில் தங்காது. கோடு எவ்வளவு நேரம் அடிக்கோட்டில் தங்குகிறது என்பதை மட்டும் அளந்தாலே போதும் என்று பொறியாளர்கள் கண்டனர். 1980 பிப்ரவரி 4 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் லீவை வாட்கின்ஸ் முதல் மனித உடலில் அக்கருவியைப் பொருத்தினார். நோயாளி ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண். மார்பைத் திறந்து இதயத்தின் நுனியில் மின்தகட்டைத் தைத்து, மற்றொரு மின்முனையை மேற்பெருஞ்சிரையில் நிறுத்தி, கால் கிலோ எடையுள்ள பெட்டியை வயிற்றுத் தோலுக்கடியில் புதைக்க வேண்டிய பெரிய அறுவை அது. இன்று இடப்பக்கக் காறையெலும்பின் கீழே சிறு கீறலிட்டுச் சிரை வழியாகக் கம்பியைச் செலுத்திப் பொருத்தப்படும் ஐ.சி.டி. கருவியின் மூதாதை அதுவே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1985இல் அனுமதி வழங்கியது. மிரோவ்ஸ்கி 1990இல் இறந்தபோது, தம் கருவி ஏற்கப்பட்டதைக் கண்டிருந்தாரே தவிர, அது யாருக்குத் தேவை என்ற பெரிய கேள்வியின் விடையைக் காணவில்லை.

தொடக்க காலத்தில் அக்கருவி கிடைத்தவர்கள் ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட முறை செத்துப் பிழைத்தவர்கள். ஆனால் திடீர் இறப்புக்கு ஆளாகும் பெரும்பாலோர் முதல் முறையிலேயே இறந்துவிடுகிறார்கள். ஆகவே அடுத்து விழப்போகிறவர் யாரென்று முன்கூட்டியே சொல்லத் தெரியாதவரை தடுப்பு என்பது பேச்சளவில்தான் இருக்கும். இதற்கு மருத்துவர்கள் முதலில் நம்பிய அடையாளம், மாரடைப்புக்குப் பின் ஈ.சி.ஜி.யில் தென்படும் முந்திக்கொண்ட கீழறைத் துடிப்புகள். இத்தகைய இடைத்துடிப்பு மிகுந்தவர்கள் பின்னாளில் அதிகம் இறந்தார்கள் என்பது உண்மை. எனவே அத்துடிப்புகளை மருந்தால் அடக்கிவிட்டால் இறப்பும் குறையும் என்று கருதப்பட்டது. எந்தத் தவறும் இல்லாததுபோல் தோன்றும் இந்தத் தருக்கத்தின் மேல் 1980களில் ஒரு பெரும் சிகிச்சைமுறையே எழுந்தது.

அமெரிக்கத் தேசிய இதய நிறுவனம் நடத்திய காஸ்ட் ஆய்வு அதைச் சோதிக்க முனைந்தபோது, மருந்தற்ற வெற்று மாத்திரையைச் சிலருக்குக் கொடுப்பதே அறமன்று என்று மருத்துவர் பலர் எதிர்த்தனர். ஃப்ளெக்கைனைடு, என்கைனைடு ஆகிய இரு மருந்துகள் நோயாளியின் இடைத்துடிப்புகளை உண்மையிலேயே அடக்குகின்றன என்று உறுதிசெய்த பிறகே ஒவ்வொருவரும் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். சராசரியாகப் பத்து மாதம் கழிந்தபோது, மருந்து உட்கொண்ட 755 பேருள் 63 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை உட்கொண்ட 743 பேருள் 26 பேரே இறந்திருந்தனர். 1989 ஏப்ரலில் இவ்விரு மருந்துகளின் சோதனை நிறுத்தப்பட்டது. ஈ.சி.ஜி. கோடு சீராகத் தெரிந்தவர்களே அதிகம் செத்தார்கள். தழும்பேறிய இதயத்தில் மின்தூண்டலின் வேகத்தை மேலும் மட்டுப்படுத்திய மருந்து, நடுக்கம் தொடங்குவதற்கு வாய்ப்பான சுழல் பாதைகளை உண்டாக்கியது என்பதே அதற்குத் தரப்படும் விளக்கம். அதற்கு முன் அம்மருந்துகளை உட்கொண்டு இறந்தவர்களின் இறப்பு நோயின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. அடையாளத்தைத் திருத்துவது வேறு, உயிரைக் காப்பது வேறு என்பதை மருத்துவம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற தருணங்கள் குறைவு.

சரியான அடையாளம் மின்கோட்டில் இல்லை, தசையில் இருந்தது. இடக் கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்னும் அளவைத் தமிழ்நாட்டு நோயாளிகள் எக்கோ அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு 'பம்பிங்' என்று குறிப்பிடுகிறார்கள். இயல்பாக 55 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டிய அவ்வளவு 35 சதவீதத்துக்கும் கீழே இறங்கியவர்களிடமே திடீர் இறப்பு மிகுதி. தழும்பின் ஓரங்களில் எஞ்சிய இழைகள் மின்தூண்டலை வளைத்துத் திருப்பி விடுவதும், விரிந்த இதயச்சுவர் எளிதில் தூண்டப்படுவதும், வலுவிழந்த இதயத்தை ஓட்டுவதற்காக உடல் இடைவிடாமல் சுரக்கும் அட்ரினலினும் சேர்ந்து நடுக்கத்துக்கு வழிசெய்கின்றன. ஆர்தர் மாஸ் தலைமையில் நடந்து 2002இல் வெளியான இரண்டாம் மேடிட் ஆய்வு, மாரடைப்புக்குப் பின் பம்பிங் 30 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள 1,232 பேரை எடுத்துக்கொண்டு, கருவி பொருத்தியவர்களிடம் இறப்பு 31 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. 2005இல் 2,521 இதயச் செயலிழப்பு நோயாளிகளைக் கொண்ட மற்றோர் ஆய்வில் கருவி இறப்பை 23 சதவீதம் குறைத்தது; துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் மருந்து எவ்விதப் பயனும் தரவில்லை. ஒருமுறைகூட விழாதவர்களுக்குக் கருவி பொருத்தும் வழக்கம் இவ்வாறுதான் நிலைபெற்றது.

இதோடு கதை முடிந்திருந்தால் அது பொறியாளர்களின் வெற்றிக்கதையாக நின்றிருக்கும். ஆனால் ஐ.சி.டி. இதயத்தைக் குணப்படுத்துவதில்லை, விழுந்தவரை எழுப்புகிறது, அவ்வளவே. விழாமலிருக்கச் செய்யும் வழி வேறொரு நகரில், வேறொரு தொழிலினரால், ஏறத்தாழ எவருடைய கவனத்தையும் ஈர்க்காமல் தேடப்பட்டுக்கொண்டிருந்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் ஓகே ஹியால்மர்சனும் வேறு சிலரும் 1975இல் ஏழு இதயத்தசை நோயாளிகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். அட்ரினலினின் செயலைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை இவர்களுக்குக் கொடுத்ததில் நோய் தணிந்தது என்றது கட்டுரை. அன்றைய பாடநூல்களின்படி இது நோயாளியைக் கொல்லும் செயல். வலுவிழந்த இதயம் அட்ரினலினின் உந்துதலால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பறித்தால் நின்றுவிடும் என்பதே பொதுக்கருத்து. ஆகவே இதயத்தை மேலும் விசையாகச் சுருங்கச் செய்யும் மருந்துகளையே நிறுவனங்கள் தேடின. களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவது போன்ற அம்மருந்துகளுள் ஒன்றான மில்ரினோன் மாத்திரை 1991இல் சோதிக்கப்பட்டபோது இறப்பு 28 சதவீதம் கூடியது.

கோத்தன்பர்க் குழுவின் கருத்து ஏற்கப்பட இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. இடையில் 1987இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 253 கடுமையான நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் எனலாப்ரில் மருந்து ஆயுளை நீட்டியது. தளர்ந்த இதயத்துக்குத் தேவை தூண்டுதலன்று, சுமைக்குறைப்பு என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. 1999இல் வெளியான மெரிட் ஆய்வில் 3,991 நோயாளிகள் பங்கேற்றனர். மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்பட்ட மெட்டோப்ரொலால், மொத்த இறப்பை 34 சதவீதமும் திடீர் இறப்பை 41 சதவீதமும் குறைத்தது. துடிப்புக் கோட்டை அடக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட மருந்துகள் செய்யத் தவறியதை, துடிப்பைக் குறிவைக்காமல் தசையைக் காத்த ஒரு மருந்து செய்தது. அதே ஆண்டில், நெடுங்காலமாகச் சிறுநீர்ப்பெருக்கியாக அறியப்பட்டிருந்த மலிவான ஸ்பைரனோலாக்டோன், கடுமையான செயலிழப்பில் இறப்பை 30 சதவீதம் குறைத்தது. 2014இல் சாகுபிட்ரில், வால்சார்டன் சேர்ந்த கூட்டு மருந்தும், 2019இல் நீரிழிவுக்கென உருவாக்கப்பட்ட டாபாகிளிஃப்ளோசினும் இவ்வரிசையில் சேர்ந்தன.

இன்னும் ஒரு படி பின்னோக்கிச் சென்றால், செயலிழப்பையே வரவிடாமல் செய்வது பற்றிய சான்றுகள் உண்டு. அவை கருவிகளின் கதைபோலக் கவர்ச்சியுடையவை அல்ல என்பதாலோ என்னவோ பொதுவெளியில் குறைவாகவே பேசப்படுகின்றன. 1948இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் சிற்றூரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வு, செயலிழப்புக்கு ஆளாவோருள் மிகப் பெரும்பாலோர் அதற்குமுன் உயர் இரத்த அழுத்தம் உடையவர்களாக இருந்ததைக் காட்டியது. 1991இல் வெளியான ஷெப் ஆய்வில், அறுபது வயது கடந்தவர்களின் இரத்த அழுத்தத்தைக் குளோர்தாலிடோன் என்னும் விலை குறைந்த மாத்திரையை முதன்மையாகக் கொண்டு குறைத்தபோது செயலிழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பல இலட்சம் ரூபாய்க் கருவி காப்பாற்ற வேண்டிய நிலையை ஒரு சில ரூபாய் மாத்திரை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே விலக்கிவிடக்கூடும் என்றாலும், விலக்கப்பட்ட மரணத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அதிர்ச்சி கொடுத்து எழுப்பப்பட்டவரோ தம் கதையைச் சொல்ல உயிரோடிருக்கிறார்.

கருவி, மருந்து ஆகிய இரு மரபுகளும் நேருக்கு நேர் சந்தித்தது 2016இல். மாரடைப்பு அல்லாத காரணங்களால் இதயம் வலுவிழந்து, நல்ல மருந்துச் சிகிச்சையும் பெற்றுவந்த 1,116 பேரிடம் டென்மார்க்கில் நடந்த ஆய்வில், ஐ.சி.டி. திடீர் இறப்பைப் பாதியாகக் குறைத்தது. ஆயினும் மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறு ஆண்டில், 1995 முதல் 2014 வரை நடந்த 12 ஆய்வுகளின் 40,195 செயலிழப்பு நோயாளிகளைச் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், அந்த இருபதாண்டுகளில் திடீர் இறப்பு விகிதம் 44 சதவீதம் குறைந்ததைக் கண்டனர். அந்தக் கணக்கில் வந்தவர்கள் கருவி இல்லாதவர்கள். மருந்துகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர அவர்களிடம் இறப்பு இறங்கிவந்திருந்தது.

பால்டிமோரின் கருவி இதனால் பயனற்றதாகிவிடவில்லை. தழும்பேறிய இதயங்களுக்கும், ஒருமுறை விழுந்து எழுந்தவர்களுக்கும், பரம்பரைத் துடிப்புக் கோளாறு உடைய சில இளைஞர்களுக்கும் அதற்கு ஈடான காப்பு இன்றும் வேறில்லை. மாறியது வரிசைதான். பம்பிங் குறைந்தது தெரிந்தவுடன் கருவியைப் பொருத்துவது இன்றைய முறையன்று. குறைந்தது மூன்று மாதம் உரிய மருந்துகள் அனைத்தையும் உரிய அளவில் கொடுத்து, மீண்டும் எக்கோ எடுத்து, அப்போதும் அளவு 35 சதவீதத்தைத் தாண்டாதவருக்கே அது பரிந்துரைக்கப்படுகிறது. அம்மூன்று மாத முடிவில் ஒரு பகுதி நோயாளிகளின் அளவு அவ்வெல்லையைக் கடந்துவிடுவதால் அவர்களுக்குக் கருவி தேவைப்படுவதில்லை.